சுளகில் விரித்த சட்டை

ஏலக்காய்க் குடோனில் அடுக்கியிருந்த சாக்குகளுக்கும் சுவருக்கும் நடுவில் அது கிடந்தது. 1985ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. போடிநாயக்கனூரில் அம்மா காய் பிரிக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். நீளமான ஓட்டுக் கூடம். சன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு சுளகோடு. வாய் ஊர்க்கதை பேசும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மூக்கில் ஏறுகிற அந்த மணம், உள்ளே இருப்பவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

"அம்மா, பாம்பு!" என்று கத்தினேன். இரண்டு மூன்று பேர் காலை மடக்கிக்கொண்டார்கள். அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"பாம்பு இல்லடி. சட்டை."

இரண்டு விரலால் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஆறடிக்கு மேல் இருக்கும். காலிச் சுளகில் மடித்து மடித்து வைத்துச் சன்னலோரம் கொண்டுபோனாள். அம்மாவுக்குப் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சுளகில் விழுந்த எதையும் உற்றுப் பார்க்காமல் விடமாட்டாள். தலைப்பக்கத்தை விரல் நுனியில் நிமிர்த்தி, "இங்க பாரு, கண்ணையும் சேத்து உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு" என்றாள்.

கடுகளவு கண்ணாடிக் குமிழ்கள் இரண்டு அங்கே இருந்தன. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில் மூடியிருக்கும். சட்டை உரிக்கும் நாள் நெருங்கும்போது அந்தச் செதில் பால் பூத்ததுபோல் மங்கும், பிறகு தெளியும், கடைசியில் சட்டையோடு கழன்றுவிடும். இதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓர் உயிர் தன் கண்ணின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுக் கண்ணோடு எங்கேயோ போயிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல.

அந்தச் சட்டையை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் ஏணிப்படிபோல அகலமான பட்டைகள். முதுகுப் பக்கம் வலை பின்னியதுபோல் சின்னச் சின்னக் கட்டங்கள், சாய்வு வரிசையில். ஒன்றுகூட வரிசை தப்பியிருக்கவில்லை.

அம்மாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கக் கற்றது அங்கேதான். மலையிலிருந்து உலர்ந்து வரும் காயை முதலில் சல்லடையில் அடிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் தங்குகிற காய்க்குத் தனி மரியாதை. அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். வெடித்தது, வெளிறியது, உள்ளே அரிசி வைக்காத நோஞ்சான், பேன் அரித்துத் தோலில் சொறி விழுந்தது என்று ஒவ்வொன்றையும் விரல் தள்ளிவிட வேண்டும். நானும் ஒரு கை அள்ளிவைத்துப் பிரிப்பேன். பச்சையாக இருப்பதையெல்லாம் நல்ல காய்ப் பக்கம் ஒதுக்குவேன். அம்மா அதைத் திரும்பக் கலைத்துவிடுவாள்.

"பச்சையப் பாத்து ஏமாறாத. சோடாத் தண்ணியில முக்கிக் காயவச்சா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். தோலைப் பாரு. கோடு எப்படி ஓடுதுன்னு பாரு."

பிரித்து முடித்த சுளகை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பாள். ஒருக்கா பார்த்தது பார்த்ததாகாது என்பது அவள் வழக்கம். நிறத்தை நம்பாமல் தோலின் அமைப்பை நம்பு என்று அவள் சொன்னது ஏலக்காய்க்காகத்தான். எனக்கு அது பிராணிகளையும் பறவைகளையும் பார்ப்பதற்கான முதல் பாடமாக அமைந்துவிட்டது.

இரண்டாம் பாடம் அப்பத்தாவிடம். அவள் வளர்த்த கோழிகள் பகலெல்லாம் வாய்க்கால் கரையில் மேயும், அடைகிற நேரத்துக்குக் கூடைக்குத் திரும்பும். சந்தையில் கோழி வாங்கும்போது அப்பத்தா கொண்டையைப் பார்க்கமாட்டாள், இறகைப் பார்க்கமாட்டாள். தலைகீழாகப் பிடித்துக் காலைத்தான் தடவுவாள். செதில் படிந்து வழவழப்பாக இருந்தால் வெடைக்கோழி. தடித்துச் சொரசொரப்பாக இருந்தால் கிழடு, எத்தனை முட்டை போட்டு ஓய்ந்ததோ. செதில்கள் மேலே தூக்கிக்கொண்டு, இடுக்கில் சுண்ணாம்புபோல் வெள்ளை படிந்திருந்தால் வாங்கவே மாட்டாள். "இது காலுல பூச்சி குடியிருக்கு, வீட்டுக் கோழிக்கெல்லாம் பத்திக்கும்." அவள் சொன்னது சரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உண்ணி செதிலுக்கு அடியில் வளை தோண்டி வாழ்கிறது, ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது. வீட்டுக் கோழிக்கு அது வந்தபோது, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து நாள் தவறாமல் காலில் பூசினாள். பழைய செதில் உதிர்ந்து புதிது வர மாதக்கணக்காயிற்று.

கோழியின் காலை அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது அப்போதுதான். முன்பக்கம் ஓட்டுக்கூரை வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெரிய செதில்கள். பின்பக்கமும் பாதத்தின் அடியிலும் மணி மணியாகச் சின்னவை. நோட்டைத் திறந்து பாம்புச் சட்டையைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே கைவேலை என்று எனக்குப் பட்டது. அப்பத்தாவிடம் சொன்னேன். "கோழியும் ஊர்ந்துக்கிட்டுத் திரிஞ்சது தானோ என்னவோ, யாரு கண்டா" என்றாள், கையில் மஞ்சளோடு. அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவளுக்கு மிகப் பிடித்தது மஞ்சள் கால் பெட்டைக்கோழி. மஞ்சள் கால் வீட்டுக்கு லட்சுமி என்பாள். 2008இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைப் பல ஆண்டு கழித்துப் படித்தபோது அப்பத்தா உயிரோடு இல்லையே என்று ஏங்கினேன். வீட்டுக்கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றிலிருந்தே வந்தவை என்று டார்வின் கருதினார். உலகமும் அப்படித்தான் நம்பியிருந்தது. ஆனால் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு வடிவம் சிவப்புக் காட்டுக்கோழியிடம் இல்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தீனியில் இருக்கும் மஞ்சள் நிறமியைத் தோலில் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதை உண்டாக்கும் மரபணு தோலில் மட்டும் அடங்கிப்போனால் மஞ்சள் அப்படியே செதிலில் தங்கிவிடும்.

சாம்பல் காட்டுக்கோழி எங்கள் பக்கத்துப் பறவை. குரங்கணி பாதையில் விடிகாலை நடந்தால் புதருக்குள்ளிருந்து அதன் கத்தல் கேட்கும். ஆளைக் காண்பது அபூர்வம். ஒருமுறை ஓடை ஓரத்தில் சேவலின் கழுத்து இறகு ஒன்று கிடைத்தது. கறுப்பு, சாம்பல், அதன்மேல் மெழுகை உருக்கிச் சொட்டு விட்டதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள். நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அது பூச்சு அல்ல. இறகின் தண்டே அந்த இடங்களில் தட்டையாகி, மினுக்கும் தகடாக மாறியிருந்தது. இறகிலேயே செதில். இங்கிலாந்தில் மீன்பிடி தூண்டிலில் போலிப் பூச்சி கட்ட இந்தக் கழுத்து இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள். அதற்காக எத்தனை சேவல்கள் செத்தனவோ என்று நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது. இங்கே அப்பத்தா சந்தையில் நல்ல காலாகப் பார்த்து வாங்கிய மஞ்சள் காலுக்கும் இந்தக் காட்டுப் பறவைக்கும் உறவு உண்டு என்று அவளிடம் சொல்லியிருந்தால், "பின்ன?" என்று ஒரு சொல்லோடு முடித்திருப்பாள்.

1989இல் நடந்ததை எழுதாமல் விட முடியாது. மழைக்காலம். இரவு எட்டு மணிபோல, அடுத்த வீட்டுச் சுவர் இடுக்கிலிருந்து ஒரு பாம்பு இறங்கியது. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுகள். "கட்டுவிரியன்" என்று ஒரு குரல், அவ்வளவுதான், கம்பு வந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கட்டுவிரியன் இரவில் வரும், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த வலிகூடப் பல நேரம் தெரியாது, விடியும்போது இமை தூக்க முடியாமல் மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும். ஓலையிலும் ஓட்டிலும் வாழ்ந்த எங்கள் தெருவுக்கு அந்த அச்சம் நியாயமானது. கம்பெடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

செத்த பாம்பை மறுநாள் காலையில் பார்த்தேன். நான் கொடுத்த கம்பு பக்கத்திலேயே கிடந்தது. வெள்ளைக் கட்டுகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வாலை நோக்கி மங்கிப் போயிருந்தன. கட்டுவிரியனுக்கு அது மாறி இருக்கும்: முன்பகுதியில் மங்கலாகவோ இல்லாமலோ, வால் பக்கம் போகப் போகத் தெளிவாக. ஆனால் அது நிறம், நிறம் ஏமாற்றும். முதுகுத்தண்டின் மேல் ஓடுகிற நடுவரிசைச் செதில்களைப் பார்த்தேன். கட்டுவிரியனுக்கு அந்த ஒரு வரிசை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக, கோத்த மணிபோல் நிற்கும். இதில் அப்படி இல்லை, எல்லா வரிசையும் ஒரே அளவு. வாலைத் திருப்பினேன். கட்டுவிரியனுக்கு வாலடியில் ஒற்றை ஒற்றையாகப் பட்டைகள். இதில் ஜோடி ஜோடி. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே, கட்டுவிரியனுக்கு இல்லாத ஒரு சின்னச் செதில் இருந்தது. நாங்கள் அடித்துக் கொன்றது விஷமே இல்லாத ஓநாய்ப் பாம்பு. சிலர் வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள். சுவரில் பல்லி பிடிக்க வந்தது.

இந்த அடையாளங்களை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பழைய புத்தகத்தின் கிழிந்த பக்கங்கள், விலங்கியல் ஆசிரியை ஒருவர் கொடுத்தவை. எழுதியவர் பிராங்க் வால், 1868இல் இலங்கையின் நுவரெலியாவில் பிறந்த ராணுவ மருத்துவர். நஞ்சுள்ள பாம்பை எப்படி அறிவது என்று நிறத்தை ஒதுக்கிவிட்டுச் செதில்களைக் கொண்டே வழி சொன்னவர். நடுவரிசை பெரிது, கீழுதட்டில் நான்காவது செதில் எல்லாவற்றையும்விடப் பெரிது என்றால் அது கட்டுவிரியன் இனம் என்பது அவர் விதி. அவருக்கு முன்னால் பாட்ரிக் ரஸ்ஸல் இருந்தார். விசாகப்பட்டினத்தில் கும்பெனியின் இயற்கையியலாளராக இருந்து, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் பெரிய படநூல் வெளியிட்டவர். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரிலும் அறிவியல் பெயரிலும் இருப்பவர் அவர்தான். அவருக்கும் முன்னால், 1758இல் லின்னேயஸ் பாம்புகளை வகைப்படுத்தியபோது வயிற்றுச் செதிலையும் வாலடிச் செதிலையும் எண்ணி எண்ணித்தான் எழுதினார். சாராயப் புட்டியில் நிறம் வெளுத்துப்போகும், எண்ணிக்கை வெளுக்காது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. உடலின் நடுவில் ஓரிடம் தேர்ந்து, வயிற்றுப் பட்டையின் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். பட்டையை எண்ணக்கூடாது. சாய்வாக ஏறி, முதுகைத் தாண்டி, மறுபக்கப் பட்டை வரைக்கும். செத்த ஓநாய்ப் பாம்பைப் பார்த்த அன்று இரவு நோட்டைத் திறந்து குடோன் சட்டையை எண்ணினேன். 17 வரிசை, வழவழப்பு. சாரை. எலிக்காக வந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருந்த ஒன்றின் பெயர் அன்றுதான் தெரிந்தது. பெயர் தெரிந்த மகிழ்ச்சியும், பெயர் தெரியாமல் அடித்துப் போட்டதன் துக்கமும் ஒரே நாளில் வந்தன. அந்த ஓநாய்ப் பாம்பைக் கொல்லைப் பூவரசின் கீழே புதைத்தேன்.

சித்தி மலைக்கு வேலைக்குப் போனவள். விடியுமுன் ஜீப் வரும். சோற்றுத் தூக்கோடு பெண்கள் நெருக்கி ஏறுவார்கள். போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டும்போது திரும்புவார்கள். ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை. தட்டையின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படரும். எடுக்கிறவள் நாளெல்லாம் குனிந்து, சருகுக்கும் தட்டைக்கும் நடுவில் கையை விட வேண்டும். நிழலும் ஈரமும் தவளையும் நிறைந்த அந்த இடம் குழிவிரியன்களுக்குச் சொந்த வீடு.

சித்தியின் கையில் கடித்தது ஒரு புரட்டாசி மாதம். கை தோள்வரை வீங்கி ஐந்து நாள் கிடந்தாள். பிழைத்தாள். எது கடித்தது என்று மருத்துவமனையில் கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. இந்தியாவில் கிடைக்கிற பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரிடமிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. எத்தனை ஆயிரம் உயிர் அவர்கள் கையால் பிழைத்திருக்கும்! ஆனால் மலைக் குழிவிரியன்களுக்கு அந்த மருந்து செய்யப்படவில்லை. ஏலத்தோட்டத்துப் பெண்களின் கை எந்தப் பாம்புக்கு அருகே நாளெல்லாம் இருக்கிறதோ, அந்தப் பாம்புக்குத் தனி மருந்து இல்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

வருடங்கள் கழித்து, ஒரு படப் புத்தகத்தைச் சித்தி முன்னால் விரித்தேன். பச்சைப் பாம்புகள் பல இருந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

"இதுதாண்டி. முதுகுல செதில் பெருசு பெருசா, அன்னாசிப்பழத் தோலு மாதிரி. அது எனக்கு மறக்காது."

எனக்குச் சிலிர்த்தது. பெருஞ்செதில் குழிவிரியன். மற்றக் குழிவிரியன்களுக்கு நடுவுடலில் இருபது வரிசையைத் தாண்டுவது சாதாரணம். இதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்துதான். வரிசை குறைவு, அதனால் செதில் பெரிது. தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாம்பு. சென்னை மாகாணத்து வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம் 1862இல் அதை விவரித்தபோது வைத்த இனப்பெயருக்கும் 'பெரிய செதில்' என்றே பொருள். கிரேக்கம் படித்த அதிகாரி பார்த்து வைத்த பெயரும், கடிபட்ட கண நேரத்தில் சித்தி பார்த்ததும் ஒன்றாக இருந்தன. பச்சை என்று மட்டும் அவள் சொல்லியிருந்தால் என்னால் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதைக்காக 2010 டிசம்பரோடு நின்றது. மீண்டும் ரயில் வர 2023 ஜூன் ஆயிற்று. ரயில் இல்லாமல் போனது ஊருக்குப் பெரிய இழப்பு. நடுவில் கிடந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பழைய ரயில் மேட்டில் நடப்பேன். சரளையில் அரணைகள் வெயில் காயும். அரணை கடித்தால் மரணம் என்பார்கள், அதனிடம் விஷமே இல்லை. மீன்செதில்போல் ஒன்றோடொன்று படிந்து மினுங்கும் அதன் தோலுக்கு அடியில் ஒவ்வொரு செதிலுக்கும் சின்ன எலும்புத் தகடு உண்டு. புதரில் புள்ளிச் சில்லைகள் கூட்டமாக இறங்கும். ஆங்கிலத்தில் அதைச் செதில் மார்புச் சில்லை என்றே அழைக்கிறார்கள். நாம் புள்ளியைக் கண்டோம், அவர்கள் செதிலைக் கண்டார்கள். இறகு ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓடும் பழுப்புக் கோடு, பக்கத்து இறகோடு சேரும்போது வலையாகிவிடுகிறது.

ஒரு மாலை அங்கே ஒரு மயில் மரக்கட்டையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. எல்லோரும் தோகைக் கண்ணைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த முதுகுதான் அதிசயம். செம்பும் பச்சையுமாக, அடுக்கி வேய்ந்த சிறு இறகுகள், ஒவ்வொன்றுக்கும் கறுத்த ஓரம். பாம்பைக் கொத்தித் தின்கிற பறவை பாம்பின் முதுகையே அணிந்திருந்தது. அதன் நீலமும் பச்சையும் சாயம் அல்ல. இறகுக்குள் நுண்ணிய கறுப்புத் துகள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் விதம் ஒளியை அப்படித் திருப்பித் தருகிறது. அங்கேயும் அடுக்குத்தான் எல்லாம்.

அதே மேட்டில்தான் சுருட்டை விரியனைக் கேட்டேன். பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். உப்புத்தாளை உப்புத்தாளில் தேய்க்கும் ஓசை. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. உடம்பை வளையம் வளையமாக மடித்து, வளையத்தை வளையத்தில் தேய்த்தபடி இருந்தது. அதன் விலாவில் சாய்ந்து நிற்கும் செதில்களுக்கு ரம்பப் பல் உண்டு. வாயால் சீறாமல் தோலால் எச்சரிக்கிறது. நின்ற இடத்திலிருந்து பின்வாங்கினேன். கடிக்க விரும்பாத ஒன்று அவ்வளவு பாடுபட்டு எனக்குச் சொன்ன பிறகு, விலகிப் போவதுதான் மரியாதை.

கோழிக் காலையும் பாம்புச் சட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்த சிறுமிக்கு விடை வந்தது தாமதமாகத்தான். 1980இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முட்டைக்குள் வளரும் கோழிக் கருவுக்கு வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஓர் அமிலத்தைக் குறிப்பிட்ட நாளில் கொடுத்தார்கள். காலில் செதில் வர வேண்டிய இடத்தில், செதிலின்மேல் இறகு முளைத்தது. 2016இல் ஜெனீவாவில் டி-பொய், மிலின்கோவிச் இருவரும் முதலை, பல்லி, பாம்பு இவற்றின் கருக்களைப் பார்த்தார்கள். செதில் முளைக்கும் முன் தோலில் சின்னத் தடிப்பு ஒன்று தோன்றுகிறது, இறகுக்கும் நம் முடிக்கும் தோன்றுகிற அதே தடிப்பு. மூன்றுக்கும் ஒரே மூதாதை. என் தலைமுடியும் அந்தச் சாரையின் செதிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முதலையின் முகம் மட்டும் வேறு கதை. 2013இல் அதே ஜெனீவாக் குழு, முதலையின் தலைச் செதில்கள் மற்றச் செதில்கள்போல ஒவ்வொன்றாக முளைப்பதில்லை, தோல் வெடித்துப் பிரிவதால் உண்டாகின்றன என்றது. கோடையில் கண்மாய் வண்டல் வெடிப்பதைப் பார்த்த எனக்கு அது உடனே புரிந்தது. 2024இல் அவர்களே திருத்தினார்கள்: வெடிப்பு இல்லை, மடிப்பு. மேல்தோல் அடித்தோலைவிட வேகமாக வளர்கிறது, இடம் போதாமல் மடிகிறது. களத்தில் காயும் மிளகை நினைத்துக்கொண்டேன். அங்கே உள்ளே சுருங்குகிறது, இங்கே வெளியே பெருகுகிறது. ஆனால் சுருக்கம் விழும் கணக்கு ஒன்றுதான். பதினொரு ஆண்டு கழித்துத் தாங்கள் சொன்னதைத் தாங்களே மறுபடி எண்ணிப் பார்த்த அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்குத் தனி மதிப்பு.

அம்மா இப்போது காய் பிரிக்கப் போவதில்லை. கேமரா பொருத்திய இயந்திரங்கள் நிறம் பார்த்துத் தள்ளிவிடுகின்றன. கண்ணில் புரை வந்து அறுவை செய்தும் பழைய பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வீடு கொட்டகுடி ஆற்றுப் பக்கம், பின்னால் மாந்தோப்பு. போன மார்கழியில் நான் போயிருந்தபோது, விறகு அடுக்கின் ஓரத்திலிருந்து ஒரு முழ நீளத் துண்டுச் சட்டையை எடுத்து வந்து சுளகில் வைத்திருந்தாள். அதே சுளகு அல்ல, ஆனால் அதே சன்னல் வெளிச்சம்.

நான் பார்ப்பதற்குள் அவள் கட்டைவிரல் அதன்மேல் ஓடிவிட்டது, மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"சாரை வழுவழுன்னு இருக்கும்ல. இது ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஒரு கோடு எந்திரிச்சு நிக்கிது பாரு. சொரசொரங்குது."

குனிந்து எண்ணினேன். ஓரத்திலிருந்து சாய்வாக ஏறி, முதுகைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி. துண்டை வெளிச்சத்தில் பிடித்தபோது நீள்வட்டத் திட்டுகளின் சங்கிலி மூன்று வரிசையில் நிழல்போலத் தெரிந்தது.

"எத்தனை?" என்றாள்.

"29."

அவள் சுளகை மறுபடி என் பக்கம் தள்ளினாள். "இன்னொருக்கா எண்ணு."

எண்ணினேன். 29தான்.

"அப்ப விரியன். நாளைக்கு விறகு எடுக்க வேணாம், கேஸ் அடுப்புலயே வெந்நி வச்சுக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக பந்து தேடி இந்தப் பக்கம்தான் வருவாக. அவக அம்மாகிட்ட ஒரு எட்டு போயி சொல்லிட்டு வந்துரு. கம்ப எடுத்துட்டு வந்துறாம, பிள்ளைகள மட்டும் ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் விடாம இருக்கச் சொல்லு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.